தேரா டைப்பிங் சென்டரும் டெனிஸ் ஜான்சன்-டேவிஸும்

(போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 'நவீன அரபி இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த டெனிஸ் ஜான்சன்-டேவிஸ்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் அவருக்கே. தங்கம் விலையும் தேர்தல் கூட்டணியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.)

யார் இந்த டெனிஸ்? ஒரு வெள்ளைக்காரருக்கு அரபி மேல் அப்படி என்ன பிடிப்பு?
- வாசகர், நாகர்கோவில்

பிறந்தது 1922ல், கனடாவின் வான்கூவரில். பெற்றோர் ஆங்கிலேயர்கள். வளர்ந்ததோ கெய்ரோவிலும், எகிப்து எல்லையை ஒட்டிய சூடானிய ஊரான வாதி ஹல்ஃபாவிலும், பிறகு உகாண்டா, கென்யாவிலும். வாதி ஹல்ஃபாவில் தெருப் பிள்ளைகளோடு விளையாடி வந்த அரபி அது. (அந்தப் பழைய ஊர் இன்று இல்லை. அஸ்வான் உயர் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது.) பன்னிரண்டு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. அரபிதான் படிப்பேன் என்றார். லண்டனில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, பதினாறு வயதிலேயே கேம்பிரிட்ஜுக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே கிடைத்தது ஏமாற்றம். லத்தீனும் கிரேக்கமும் போல அரபியும் செத்துப்போன மொழியாகவே கற்பிக்கப்பட்டது. பழைய கவிதை, பழைய இலக்கணம், பழைய உரை. அதே மொழியில் இன்றைக்கும் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து வம்பளக்கிறான், வீட்டுக்குப் போய்க் கதை எழுதுகிறான் என்பது பாடத்திட்டத்துக்குத் தெரியாது. போர் வந்தது. பி.பி.சி.யின் அரபிப் பிரிவில் வேலை கிடைத்தது. 1938ல் பி.பி.சி. தொடங்கிய முதல் வேற்றுமொழி ஒலிபரப்பே அரபிதான். அங்கே எகிப்தியரும் பாலஸ்தீனரும் இராக்கியரும் அவருடைய சக ஊழியர்கள். கேம்பிரிட்ஜ் தராத பேச்சு அரபியை அவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டார். 1945ல் பிரிட்டிஷ் கவுன்சில் வேலையாகக் கெய்ரோ போனார். அந்த ஊர் அவரை விடவேயில்லை. 2017 மே மாதம் அங்கேயேதான் காலமானார், 94 வயதில்.

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். மொழிபெயர்ப்பாளராக வாழ ஆசை. அதை வைத்து ஒருவர் குடும்பம் நடத்த முடியுமா? டெனிஸ் நடத்தினாரா?
- மாணவி, திருச்சி

நடத்தவில்லை, அம்மா. அவருடைய வேலைப் பட்டியலைக் கேளுங்கள். பி.பி.சி. பிறகு பிரிட்டிஷ் கவுன்சில். பிறகு கெய்ரோ பல்கலைக்கழகத்தில் (அப்போது அதற்கு மன்னர் ஃபுவாத் பெயர்) விரிவுரையாளர். எண்ணெய்க் கம்பெனி ஆளாகக் கத்தாரில் கொஞ்ச காலம். நடுவில் சட்டம் படித்து பாரிஸ்டர். பிறகு, இன்று ஐக்கிய அரபு அமீரகம் என்கிறோமே, அந்தப் பகுதியில் ஒரு வானொலி நிலையப் பொறுப்பு. சிறுவர்களுக்கு மட்டும் ஐம்பது புத்தகத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். இவ்வளவுக்கும் இடையில்தான் முப்பது சொச்சம் மொழிபெயர்ப்பு நூல்கள். ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போனவர், கைப்பையில் யாராவது ஒருவருடைய கதையைத் திணித்துக்கொண்டே போயிருக்கிறார்.

என் கதை இதில் கால் தூசு. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். நான் துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தவன். வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிக் கதவு, நான்கு நாற்காலி, குளிராத ஏசி, ஜெராக்ஸ் மெஷின். விசாவுக்கும் லேபர் கார்டுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அரபியில் படிவம் அடிக்க எல்லோரும் வருவார்கள். பட்டாணிய (பதான்) டிரைவர் வருவார், மலையாளி நர்ஸ் வருவார், சம்பளம் வராத நம்மூர்க் கொத்தனார் வருவார். கொத்தனாரின் புகாரை அரபியில் அடிக்கும்போது அவர் பக்கத்திலேயே நின்று, 'அவன் என்னை அடிச்சதையும் போடுங்க பாய்' என்பார். 'கீழே கையொப்பமிட்டிருக்கும் நான்' என்று அரபியில் ஆரம்பிக்கும் அந்த வாக்கியம்தான் எனக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்டது. நாவல் மொழிபெயர்ப்பு எல்லாம் ராத்திரியில், பங்க் பெட்டின் மேல் கட்டிலில், மற்றவர்கள் தூங்கிய பிறகு.

அதனால் உங்களுக்குச் சொல்வது: ஒரு உத்தியோகம் பார்த்துக்கொள்ளுங்கள். அது மொழியோடு உரசுகிற உத்தியோகமாக இருந்தால் நல்லது. நீதிமன்றம், வானொலி, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை, எதுவானாலும் சரி. ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அங்கேதான் காது பழகும்.

நல்ல எழுத்தை நல்லபடி மொழிபெயர்த்தால் பதிப்பாளர் தேடி வரமாட்டாரா?
- வாசகர், ஈரோடு

மாட்டார். டெனிஸின் முதல் புத்தகம் 1947ல் கெய்ரோவில் வந்தது, எழுத்தாளர் மஹ்மூத் தைமூரின் எகிப்தியக் கதைகள். கைக்காசு போட்டு அச்சிட்டார். அடுத்த கதைத் தொகுப்பாகப் பல எழுத்தாளர்களின் அரபிக் கதைகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது 1967ல். நடுவில் இருபது வருஷம்! அந்தத் தொகுப்பிலும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்பெரியின் முன்னுரை இருந்தது. பெரிய பேராசிரியர் ஒருவர் வாசலில் நின்று 'உள்ளே வாங்க' என்று சொன்னால்தான் ஆங்கில வாசகர் வருவார் என்ற காலம்.

இதில் எனக்கு வியப்பு அவருடைய பொறுமை மேல் அல்ல, கண் மேல். 1940களில் கெய்ரோவில் அவர் பழகியவர்களைப் பாருங்கள். எகிப்திய எழுத்தாளர்கள் தவ்ஃபீக் அல்-ஹகீம், யஹ்யா ஹக்கி, பிறகு வக்ஃபு அமைச்சகத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நகீப் மஹ்ஃபூஸ் (1988ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான்). மஹ்ஃபூஸின் புகழ்பெற்ற கெய்ரோ முத்தொகுதி 1956-57ல்தான் வெளிவருகிறது. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இந்த இளைஞர் அவருடைய கதை ஒன்றை மொழிபெயர்த்துவிட்டார். பின்னாளில் டெனிஸின் நினைவுக் குறிப்புகளுக்கு முன்னுரை எழுதிய மஹ்ஃபூஸே, என் எழுத்தை முதலில் மொழிபெயர்த்தவர் இவர்தான் என்று சொல்லியிருக்கிறார். வாக்கியத்தை அழகாக்குகிற மொழிபெயர்ப்பாளர்கள் நிறைய பேர் உண்டு. பேர் தெரியாத குமாஸ்தாவைப் பார்த்து 'இவர்தான்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. என் கணக்கில் இரண்டாமவர்தான் பெரியவர்.

காக்கா (எங்கள் ஊர் வழக்கில் அண்ணன்), தய்யிப் ஸாலிஹின் நாவல் அமெரிக்க உளவு நிறுவனப் பணத்தில் வந்தது என்கிறார்களே, மெய்யா?
- வாசகர், காயல்பட்டினம்

பாதி மெய், தம்பி. விவரமாகவே சொல்கிறேன், சுவாரஸ்யமான கதை.

தய்யிப் ஸாலிஹ் சூடானின் வடக்கே நைல் கரைக் கிராமத்துக்காரர், 1929ல் பிறந்தவர். லண்டனில் அதே பி.பி.சி. அரபிப் பிரிவில் நாடகப் பகுதியைக் கவனித்தவர். டெனிஸும் அவரும் நண்பர்கள். முதலில் சிறுகதைகள், பிறகு 'ஸைனின் திருமணம்', பிறகு 'வடக்கு நோக்கிய இடப்பெயர்வின் பருவம்'. இந்தக் கடைசி நாவலை ஸாலிஹ் எழுத எழுத, பகுதி பகுதியாக டெனிஸ் கைக்கு வந்தது. மூலமும் மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தன.

நாவல் அரபியில் முதலில் வெளியானது 1966ல், பெய்ரூத்திலிருந்து வந்த 'ஹிவார்' என்ற பத்திரிகையில். ஆசிரியர் தவ்ஃபீக் ஸாயிக், பாலஸ்தீனக் கவிஞர். அந்தப் பத்திரிகைக்குப் பணம் கொடுத்தது 'கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' என்ற அமைப்பு. அந்த அமைப்புக்குப் பின்னால் சி.ஐ.ஏ. இருக்கிறது என்ற செய்தி அதே 1966ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் உடைந்தது. அரபு உலகம் கொதித்தது. அதற்கு முன்பே எகிப்திய எழுத்தாளர் யூசுஃப் இத்ரீஸ் ஹிவார் கொடுத்த பரிசை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1967ல் ஹிவார் மூடப்பட்டது. மனம் உடைந்த ஸாயிக் அமெரிக்காவுக்குப் போய், 1971ல் அங்கேயே இறந்தார்.

ஆக, அச்சிட்ட காகிதத்துக்கு யார் காசு கொடுத்தார் என்பது தெரிந்த விஷயம். எழுதிய கைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், காலனி ஆட்சி ஒரு மனிதனை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதை அதைவிடக் கூர்மையாகச் சொன்ன அரபி நாவல் அபூர்வம். ஐரோப்பாவில் ஏழு வருஷம் படித்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பும் கதைசொல்லி, ஊருக்குப் புதிதாய் வந்து குடியேறிய ஓர் ஆளைக் கவனிக்கிறான். அமைதியான விவசாயி. ஒரு நாள் குடித்த மயக்கத்தில் அந்த விவசாயி சுத்தமான ஆங்கிலத்தில் கவிதை சொல்ல ஆரம்பிக்கிறான். அந்த இடத்தில் படிக்கிறவனுக்கும் முதுகு சில்லிடும். இதை எழுதச் சொல்லி எந்த உளவு நிறுவனமும் பணம் தராது.

இன்னொரு வேடிக்கை. ஆங்கில மொழிபெயர்ப்பு 1969ல் வந்தபோது ஹைன்மன் பதிப்பகத்தின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில்தான் வந்தது. அரபி எழுத்தாளருக்கென்று தனி வரிசையே அப்போது இல்லை. சூடான் ஆப்பிரிக்காவிலும் இருப்பது நம் அதிர்ஷ்டம். பிறகு டெனிஸ் ஹைன்மனோடு பேசி 'அரபு எழுத்தாளர் வரிசை' ஒன்றைத் தொடங்கவைத்தார். அது வியாபாரத்தில் எழும்பவில்லை, நின்றுபோனது. நாவலோ 2001ல், இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான அரபி நாவல் என்று டமாஸ்கஸில் அறிவிக்கப்பட்டது. எழுதியவரின் சொந்த நாட்டில் சில காலம் தடையும் இருந்தது.

டெனிஸ் இஸ்லாத்துக்கு வந்தவர் என்று கேள்விப்பட்டேன்.
- வாசகர், மேலப்பாளையம்

ஆமாம். அப்துல் வதூத் என்ற பெயரும் அவருக்கு உண்டு. இஸ்ஸுத்தீன் இப்ராஹீம் என்ற அறிஞரோடு சேர்ந்து இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் (நபிமொழி) நூலை ஆங்கிலத்தில் தந்தார். உங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் ஆங்கில நாற்பது ஹதீஸ் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அவர் பெயர் இருக்கக்கூடும். அதே கைதான் மதுக்கடையில் நடக்கும் கதைகளையும் மொழிபெயர்த்தது. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று மோதவிடவில்லை. நாமும் விட வேண்டாம்.

அலிஃபா ரிஃப்அத்தின் கதைகளை ஆங்கிலத்தில் படித்தேன். அரபிப் பெண் எழுத்தாளர் என்றால் மேற்கத்தியருக்கு அழுகிற பெண்தான் வேண்டும்போல. டெனிஸும் அதைத்தானே விற்றார்?
- வாசகி, புதுச்சேரி

சண்டைக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது. கேள்வி நியாயமானது.

தெரியாதவர்களுக்கு: அலிஃபா ரிஃப்அத் 1930ல் பிறந்த கெய்ரோ பெண்மணி. சொந்தப் பெயர் ஃபாத்திமா, அலிஃபா புனைபெயர். கணவர் போலீஸ் அதிகாரி. எழுதக் கூடாது என்று தடுத்தார். பல வருஷம் எழுத்து நின்றது. பிறமொழி இலக்கியப் பழக்கம் இல்லை, தொழுகை தவறாதவர். டெனிஸ் இவரைச் சந்தித்து, கதைகளைத் தேர்ந்து, 1983ல் லண்டனில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். தலைப்புக் கதை நாலைந்து பக்கம்தான். பகல் படுக்கையில் கணவன் தன் வேலையை முடித்துக்கொள்கிறான், மனைவியின் கண் கூரையில் தொங்கும் ஒட்டடை மேல். அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு, கேட்கிறது. எழுந்து குளித்துத் தொழுகிறாள். பால்கனிக்கு வருகிறாள். ஒரு காலத்தில் அங்கிருந்து கெய்ரோ முழுக்கத் தெரிந்தது, இப்போது உயர உயரக் கட்டடங்கள் எழும்பி, ஒரே ஒரு மினாரா (பள்ளிவாசல் கோபுரம்) மட்டும் தெரிகிறது. கணவனுக்குக் காபி போட்டுத் தட்டில் எடுத்துப் போகிறாள். அவன் செத்துக் கிடக்கிறான். மகனை டாக்டரைக் கூப்பிட அனுப்பிவிட்டு, வந்து உட்கார்ந்து அந்தக் காபியைத் தனக்கே ஊற்றிக்கொள்கிறாள். இவ்வளவு நிதானமாக இருக்கிறோமே என்று அவளுக்கே ஆச்சரியம்.

இதில் அழுகை எங்கே இருக்கிறது, அம்மா? ஒரு சொட்டு இல்லை.

ஆனால் உங்கள் குற்றச்சாட்டின் மறுபாதியை ஒப்புக்கொள்கிறேன். அலிஃபாவின் பெயர் அரபியைவிட ஆங்கிலத்தில்தான் பெரிதாயிற்று. மொழிபெயர்ப்பாளர் இன்ன கதை வேண்டும், இன்னது வேண்டாம் என்று பொறுக்கும்போது ஒரு எழுத்தாளரின் முகத்தையே அவர் வரைந்துவிடுகிறார். அலிஃபாவின் கோபம் மார்க்கத்தின் மேல் அல்ல. மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்ததை ஆண்கள் கொடுப்பதில்லை என்பதுதான் அவர் வாதம். லண்டன் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது காதில் விழுந்தது என்பது வேறு சங்கதி. அதற்கு டெனிஸை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. எகிப்திய எழுத்தாளர் ஸல்வா பக்ரையும் டெனிஸ்தான் ஆங்கிலத்தில் தனித் தொகுப்பாகக் கொண்டுவந்தார். அந்தக் கதைகளில் வரும் ஏழைப் பெண்களின் கேலியையும் குசும்பையும் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.

மஹ்ஃபூஸுக்கு 1988ல் நோபல் கிடைத்ததற்கு டெனிஸ்தான் காரணமா?
- வாசகர், கும்பகோணம்

இல்லை. முத்தொகுதியின் முதல் பாகம் 1985ல் பிரெஞ்சில் வந்தது பெரிய உதவி. கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஆங்கிலத்தில் தொடர்ந்து கொண்டுவந்ததும் உதவி. ஆங்கில முத்தொகுதியோ நோபலுக்குப் பிறகுதான் முழுசாக வந்தது, மொழிபெயர்ப்பாளரும் வேறு ஆள். டெனிஸ் மஹ்ஃபூஸின் பெரிய நாவல்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது சிறியவற்றை: சிறுகதைகள், 'அரேபிய இரவுகளும் பகல்களும்', 'இப்னு ஃபத்தூமாவின் பயணம்', கடைசிக் காலத்துச் சின்னச் சின்னக் குறிப்புகள். முதலில் மொழிபெயர்த்தவர் என்ற பெருமை போதாதா?

தமிழில் அரபி நாவல்கள் ஆங்கிலம் வழியாகத்தானே வருகின்றன. நேரடியாகக் கொண்டுவர ஆளே இல்லையா?
- வாசகர், வேலூர்

வேலூரிலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் ஊர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி வாசலில் போய் நின்றால், அரபி இலக்கணத்தை நீங்கள் கேட்டதும் ஒப்பிக்கக்கூடிய ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) வரிசையாக வருவார்கள். தமிழ்நாட்டில் அரபி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. போதாததற்கு வளைகுடாவில் பத்து, இருபது வருஷம் இருந்து, அரபி நாட்டுச் சந்தைப் பேச்சைக் கரைத்துக் குடித்த நம் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் முதல் கூட்டத்துக்கு நாவல் மேல் கண் இல்லை, இரண்டாவது கூட்டத்துக்கு எழுத்து அரபி வராது. டெனிஸ் கேம்பிரிட்ஜில் பார்த்த அதே பிரிவினை நம்மிடமும் அப்படியே இருக்கிறது. தப்ஸீரும் (குர்ஆன் விளக்கம்) ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டம்) படிக்கிற மாணவர் கையில், பாடம் முடிந்த பிறகு, யஹ்யா ஹக்கியின் 'உம்மு ஹாஷிமின் விளக்கு' கதையைக் கொடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் கண் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளை, தன் வீட்டில் முறைப்பெண்ணின் நோயுற்ற கண்ணில் தர்கா விளக்கின் எண்ணெயை விடுவதைப் பார்த்து வெறி பிடித்துப்போய், தர்கா விளக்கையே உடைக்கிறான். ஊர் அவனை அடித்து நொறுக்குகிறது. பிறகு அவன் படித்த வைத்தியமும் முதலில் அவள் கண்ணைக் காப்பாற்றுவதில்லை. இந்தக் கதை நாகூரிலும் நடக்கலாம், ஏர்வாடியிலும் நடக்கலாம். அதைத் தமிழில் கொண்டுவர ஓர் ஆலிமுக்கு ஆங்கிலம் எதற்கு?

ஆங்கிலம் வழியாக வருவதை நான் இளக்காரம் செய்யவில்லை. ரஷ்ய இலக்கியம் நமக்கு அப்படித்தான் நிறைய வந்தது. ஆனால் மூலமொழி தெரிந்தவன் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது லண்டன் சுற்றி வருவானேன்?

முதலில் எதைப் படிக்கலாம்?
- வாசகர், மதுரை

'ஸாபலாவி'. மஹ்ஃபூஸின் சிறுகதை, டெனிஸின் 1967 தொகுப்பில் உள்ளது, ஒரே உட்காரலில் முடிந்துவிடும். தீராத நோய்க்காரன் ஒருவன் ஸாபலாவி என்ற பெரியவரைத் தேடி ஊர் முழுக்க அலைகிறான். வக்கீல், பழைய புத்தக வியாபாரி, சித்திர எழுத்துக்காரர், பாட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போகிறான். கடைசியில் மதுக்கடையில் குடித்து மயங்கித் தூங்கிவிடுகிறான். விழித்தால் தலை ஈரம். 'நீ தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாரே, அவர்தான் ஸாபலாவி, இப்போதுதான் போனார்' என்கிறான் கூட இருந்தவன். அதன் பிறகு டெனிஸின் வாழ்க்கை நினைவுகளைப் படியுங்கள், 2006ல் வந்தது. சிறிய புத்தகம். தன்னைப் பற்றிக் குறைவாகவும் நண்பர்களைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறார்.

இதழ் முழுக்க இலக்கியமா? ஒரு சினிமா கேள்விக்காவது பதில் சொல்லுங்கள்: இவர்கள் கதை எதுவும் படமாகவில்லையா?
- வாசகர், கோயம்புத்தூர்

ஆகாமலா! 'ஸைனின் திருமணம்' 1976ல் படமானது, இயக்கியவர் குவைத்தின் காலித் அஸ்ஸித்தீக். மஹ்ஃபூஸே பல எகிப்தியப் படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர்; திரைப்படத் தணிக்கை அதிகாரியாகவும் இருந்தவர். அதாவது பகலில் வெட்டுகிற வேலை, மற்ற நேரத்தில் வெட்டுப்படக்கூடிய வேலை. அவருடைய 'மிதக் சந்து' நாவலை மெக்சிகோக்காரர்கள் 1995ல் தங்கள் ஊர்க் கதையாக மாற்றி எடுத்தார்கள். கெய்ரோ சந்தின் ஹமீதாவாக, வேறு பெயரில், வந்தவர் சல்மா ஹாயெக். இப்போது திருப்தியா?